மேசைமேல் ஒரு டீசல் ஷெட்

கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுகிறவர்களில் இரண்டு ரகம். எக்ஸ்பிரஸ் வண்டியைப் பறக்கவிட்டு, அரை மணியில் சலித்துப்போய் எழுந்துவிடுகிறவர்கள் ஒரு ரகம். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இன்னொரு ரகம் மனிதர்களையே ஏற்றாது. நிலக்கரி, சிமெண்ட், யூரியா மட்டும்தான். அதையும் டீசல் இன்ஜின்தான் இழுக்க வேண்டும்.

இந்த இரண்டாவது ரகத்தைச் சேர்ந்த நம்மவர் பகலில் வங்கியில் கடன் பிரிவு. ராத்திரி பத்து மணிக்கு மேல் பொன்மலை ஷெட் ஃபோர்மேன். 2001-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரில் தொற்றிய வியாதி, அதே கோப்புகளை இலவசமாக ஓட்டித்தரும் ஓப்பன் ரெயில்ஸில் முற்றிவிட்டது. மைக்ரோசாஃப்ட் விளையாட்டோடு அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரியா, ஜப்பான் தடங்கள் வந்தன, நம்மூர் வரவில்லை. அதை அவர் குடும்பத்துக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார்.

இப்போது நடப்பது டபிள்யூடிஜி-4 என்ற சரக்கு டீசல் இன்ஜினின் படலம். உருவம் வரைந்து பெயின்ட்டும் அடித்தாயிற்று. இன்ஜினின் குணமெல்லாம் ஒரு எழுத்துக் கோப்பில் இருக்கிறது. எடை 126 டன், இழுவிசை 540 கிலோநியூட்டன் என்று மளமளவென்று தட்டியவர் குதிரைத்திறனில் நின்றுவிட்டார். முதலில் வந்தவை 4000, பிற்பாடு வந்தவை 4500. தான் எழுதிய வண்டி எண் எந்தக் கணக்கில் சேரும் என்று ஒரு வாரம் ஆராய்ச்சி. பிறகு எங்கேயோ ஒரு அடைப்புக்குறி விட்டுப்போய், இன்ஜின் திரையில் தலைகாட்டவே இல்லை. அதைக் கண்டுபிடிப்பதற்குள் பால்காரர் வந்துவிட்டார்.

சத்தத்தில் மட்டும் அவரிடம் சமரசம் கிடையாது. நம்மூர் ஆல்கோ இன்ஜினுக்கு விளையாட்டோடு வந்த டேஷ்-9 இன்ஜினின் உறுமலை மாட்டிவிடும் சோம்பேறிகளைக் கண்டால், ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் முடித்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். டபிள்யூடிஜி-4 டூ-ஸ்ட்ரோக், ஆல்கோ ஃபோர்-ஸ்ட்ரோக், இரண்டும் ஒன்றா? ரயில்வே கேட் மூடினால் ஊரே எரிச்சலோடு நிற்கும். இவர் ஒருவர்தான் செல்போனை நீட்டிக்கொண்டு பரவசமாக நிற்பார். பக்கத்தில் ஒரு பையன் பைக் ஹாரனை அடித்ததற்கு, “தம்பி, ரெக்கார்டிங் போச்சுப்பா!” என்று கிட்டத்தட்ட அழுதார்.

வீட்டில் மனைவியின் குரல்: “ஏங்க, பால் பொங்குது, அடுப்பை அணைங்க!”

“பின்னாடி 58 வேகன் வருதும்மா, நினைச்ச இடத்துல நிறுத்த முடியாது.”

பாஸ் (Pause) பட்டன் இருக்கிறது. அதை அமுக்குவது லோகோ பைலட்டுக்கு அழகில்லையாம்.

இத்தனை பாடுபட்டுச் சேர்த்த இன்ஜினை எவ்வளவு தூரம் ஓட்டினார் என்கிறீர்கள்? யார்டைத் தாண்டி அடுத்த சிக்னல் வரை. த்ராட்டிலை எட்டாவது நாட்ச்சில் வைத்தார், புகை சரியாக வந்தது, திருப்தி. மறுநாளே பீகாரின் மரௌரா ஆலையிலிருந்து வரும் டபிள்யூடிஜி-4ஜி-க்குப் படம் சேகரிக்க ஆரம்பித்துவிட்டார். ஓட்டுவதில் அவருக்கு ஆசையே இல்லை என்பது என் தீர்மானம். ஷெட் நிறைய இன்ஜின் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காபி கேளுங்கள், கடன்கூடக் கேளுங்கள். “இப்பதான் எல்லா லைனும் கரண்ட் ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு சார் டீசல்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.