கொள்ளு மூட்டையும் கொஞ்சம் அறிவுரையும்

நேற்று மாலை ஒருவர் எங்கள் லாயத்துக்கு வந்து இரண்டு மூட்டை கொள்ளு கொடுத்தார். கொடுத்த கையோடு, மைக் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பரவாயில்லை, காரில் இருக்கிறது என்றார். ஸ்பீக்கரும் இருந்தது, சக்கரம் வைத்தது. "ரெண்டே ரெண்டு நிமிஷம் சார். பசங்ககிட்ட நாலு வார்த்தை." எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஓரமாகப் போய் வீட்டுக்குப் போன் செய்து, எனக்காகக் காத்திருக்க வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் புது வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு குதிரை லாயம். ஒரு தொண்டு நிறுவனம் அங்கே பையன்களை அழைத்துவருகிறது. 18 முதல் 22 வயது வரை. அடிதடி வழக்கில் உள்ளே போய் வந்தவர்கள், கஞ்சாவில் கால் வைத்து எடுத்தவர்கள், பஸ் கூரைமேல் ஏறி ஆடியதில் கல்லூரியை விட்டு வெளியே வந்தவர்கள். அவர்கள் லாயத்தைப் பெருக்க வேண்டும், குதிரையைத் தேய்த்துவிட வேண்டும், தீனி வைக்க வேண்டும், கயிற்றைப் பிடித்து நடத்திப் பழக வேண்டும். ஏறி உட்காருவதெல்லாம் பிறகு. வங்கியில் குப்பை கொட்டி விருப்ப ஓய்வில் வந்த எனக்கு, குதிரை லத்தி அள்ளுமிடத்தில் ஒருங்கிணைப்பாளர் பதவி. குதிரையையும் பையன்களையும் ஒருங்கிணைக்க வேண்டும். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் இரு தரப்பும் ஏற்கெனவே நன்றாக ஒருங்கிணைந்திருக்கிறார்கள்.

தடம் மாறிய பையன்களுக்கு மனிதர்களைவிடக் குதிரை ஏன் உத்தமம் என்பதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறேன். சொல்கிறேன். அதற்கு முன் நேற்று வந்தவரை முடித்துவிடுகிறேன்.

இந்தப் பையன்களுக்கு எதெது கிடைக்காமல் போனது என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அன்பு கிடைக்கவில்லை, படிப்பு கிடைக்கவில்லை, வழிகாட்ட ஆள் இல்லை. அறிவுரை ஒன்று மட்டும் குறையில்லாமல் கிடைத்திருக்கிறது. ஜீப்பில் ஏற்றும்போது கான்ஸ்டபிள் கொடுத்திருக்கிறார். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டே ஏட்டு கொடுத்திருக்கிறார். வக்கீல் ஃபீஸையும் வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கிறார். தலைக்கு ஆரஞ்சுச் சாயம் கலக்கியவர், கலக்கிய பிரஷ்ஷாலேயே தலையில் தட்டி, "படிப்புதான் தம்பி முக்கியம்" என்றிருக்கிறார். டாஸ்மாக் வாசலில் சுண்டல் விற்கிறவர், "இந்த வயசுல இது வேணாம் கண்ணு" என்று மனமுருகிவிட்டு, சுண்டலுக்குச் சில்லறை கேட்டிருக்கிறார். பஸ் ரூட்டில் மாணவர் கூட்டத்துக்குத் தலைவனாக, அதாவது 'ரூட்டு தல'யாக இருந்தவனுக்குப் பாரிமுனையில் ஆரம்பித்த கண்டக்டர் அண்ணா நகர் ரவுண்டானா வரை நிறுத்தவில்லையாம். உச்சகட்டம், பொட்டலம் விற்றவன். பொட்டலத்தைக் கையில் வைத்து அழுத்திவிட்டு, "அம்மாவை அழவெக்காத மச்சி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

நம்மில் யாருக்கும் இதில் விதிவிலக்கு இல்லை. இருபது வயதுப் பையன் ஒருவன் சும்மா நின்றால் நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. வாய் மட்டும் ஓடும். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் யாராவது ஒரு பையனை மடக்கி, "தப்பா எடுத்துக்காத" என்று ஆரம்பித்தால்தான் சாப்பாடு செரிக்கும். அவன் எப்போதுமே தப்பாகத்தான் எடுத்துக்கொள்கிறான். அது அவனுடைய உரிமை. உடனே தெருவிளக்கைக் கொண்டுவருவோம். தமிழ்நாட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய எல்லோரும் தெருவிளக்கில் படித்தவர்கள். அத்தனை பேரும் படித்திருந்தால் அந்தக் காலத்தில் விளக்குக் கம்பத்தடியில் இடம் பிடிக்க முந்தின நாளே துண்டு போட்டிருக்க வேண்டும். அதற்கடுத்து அப்துல் கலாம். அவர் சொன்னது கொஞ்சம். அவர் சொன்னதாக நாம் சொல்வதற்கு அளவே இல்லை.

இதெல்லாம் போகட்டும், பொறுத்துக்கொள்ளலாம். கழுகைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நேற்று வந்தவர் கழுகில்தான் ஆரம்பித்தார். எனக்குத் தெரியும், ஆரம்பிப்பார் என்று. கழுகுக்கு நாற்பது வயதானதும் அலகு வளைந்துவிடுமாம், நகம் மழுங்கிவிடுமாம், இறகு கனத்துவிடுமாம். அது மலையுச்சிக்குப் பறந்து போய்ப் பாறையில் அலகை அடித்து அடித்து உடைத்துக்கொள்ளுமாம். புது அலகு முளைத்ததும் அதனால் பழைய நகங்களைப் பிடுங்குமாம், புது நகத்தால் இறகுகளைப் பிடுங்குமாம், ஐந்து மாதம் கழித்துப் புதுப்பிறவி எடுத்து இன்னும் முப்பது ஆண்டு வாழுமாம். ஐயா, எந்தக் கழுகும் இப்படிச் செய்வதில்லை. அலகை உடைத்துக்கொண்ட கழுகு பட்டினி கிடந்து செத்துப்போகும். அலகும் நகமும் தேயத் தேயத் தானே வளர்ந்துகொண்டிருப்பவை. இறகு ஒவ்வொன்றாக உதிர்ந்து முளைப்பது. காட்டுக் கழுகு நாற்பதைத் தொடுவதே அபூர்வம். ஆனால் இந்தக் கதை வாட்ஸப்பில் பறக்கிறது, பள்ளி ஆண்டுவிழாவில் பறக்கிறது, ஆபீஸ் பயிற்சி வகுப்பில் பறக்கிறது. வங்கியில் எங்களுக்கும் ஒருவர் வந்து சொன்னார். நாற்பதைத் தாண்டிய குமாஸ்தாக்கள் எல்லோரும் பல்லை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டோம். வங்கியிலிருந்து தப்பித்து, சவுக்குத் தோப்புக்குள் ஒளிந்துகொண்டால், இங்கேயும் சக்கரம் வைத்த ஸ்பீக்கரோடு கழுகு வந்து இறங்குகிறது. அதுவும் குதிரை லாயத்தில்! கண்ணெதிரே ஐந்நூறு கிலோவுக்கு ஒரு ஜீவன் நிற்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா?

அவருக்குக் குதிரைமேல் மரியாதை இல்லை என்று சொல்லிவிட முடியாது. அய்யனார் வாகனம் என்று குங்குமம் கொண்டுவந்திருந்தார். நேரே நெற்றியை நோக்கிக் கையை நீட்டினார். குதிரைக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால், கழுத்தைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றுவட்டம் முழுவதையும் பார்த்துவிடும். பார்க்க முடியாதவை இரண்டே இடம்: நெற்றிக்கு நேர் முன்னால், வாலுக்கு நேர் பின்னால். வருகிற விருந்தாளிகள் ஒருவர் பாக்கியில்லாமல் குங்குமத்துக்கு முதல் இடத்தையும் போட்டோவுக்கு இரண்டாம் இடத்தையும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எங்களிடம் இருப்பது பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற பெண் குதிரை. பையன்கள் அதை 'மேடம்' என்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையில் பெண் இன்ஸ்பெக்டர்கள் பெற்றிருக்கும் செல்வாக்கு அப்படி. ஸ்பீக்கர் கரகரத்ததும் மேடம் காதைப் பின்னால் மடக்கியது. அது நல்லதற்கல்ல என்று பையன்களுக்குத் தெரியும். முதல் நாள் "இன்னா சார், கடிக்குமா? உதைச்சா செத்துருவோமா?" என்று என் பின்னால் ஒளிந்த ஆரஞ்சு முடிக்காரன், இப்போது அவர் முழங்கையைப் பிடித்து நாலடி தள்ளி நிறுத்தினான். அவரோ அவன் திருந்திவிட்டான் என்பதற்கு அத்தாட்சியாக அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மேலும் பேசினார்.

என் சொந்தக்காரர்கள் இவரைவிட மேல் என்று சொல்ல மாட்டேன். குதிரை என்றதும் சித்தப்பா கேட்டது, "எது வரும்?" என்றுதான். அவர் கிண்டியைத் தாண்டி யோசிக்க மாட்டார். தமிழ்நாட்டு அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம், பந்தயம் சூதாட்டமல்ல, திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. சித்தியின் வளையல்கள் அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ளவில்லை.

நமக்கும் குதிரைக்கும் என்றைக்குமே சரிப்பட்டதில்லை என்பது என் கட்சி. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்தபோது எழுதிவைத்திருக்கிறார்: இந்த ஊர் அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கடல் தாண்டி வரவழைக்கிறார்கள், வருடம் திரும்புவதற்குள் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன, பராமரிக்கத் தெரியவில்லை, சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் தின்னக் கொடுக்கிறார்கள். குதிரை வைத்தியம் தெரிந்தவர் யாரும் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே தடுத்துவிடுவார்களாம், விற்பனை குறைந்துவிடும் என்று. சோறும் கறியும்! விருந்தாளியை நாம் கவனிக்கிற கவனிப்பில் குதிரையே தாங்கவில்லை. மாணிக்கவாசகர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரை வாங்க அரசன் கொடுத்த பணம் திருப்பெருந்துறைக் கோயிலுக்குப் போய்விட்டது. சிவபெருமானே நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதாயிற்று. ராத்திரி அவை மறுபடி நரியாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. கணக்கு எழுதிப் பழகிய எனக்கு இதில் பக்தியைவிடத் தணிக்கைக் குறிப்புதான் முதலில் கண்ணில் படுகிறது.

தடம் மாறியவர்களைக் குதிரையிடம் ஒப்படைப்பது வெளிநாட்டில் பழைய ஏற்பாடு. நியூயார்க் மாநிலத்தின் வால்கில் சிறையில் 1984 முதல் ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகளைக் கைதிகள் பராமரிக்கிறார்கள். கொலராடோவின் கான்யன் சிட்டியில் 1986இலேயே காட்டுக் குதிரைகளைக் கைதிகளிடம் ஒப்படைத்துப் பழக்கச் சொன்னார்கள். அமெரிக்காவின் தேசியப் பறவையே கழுகு. இருந்தும் அவர்கள் குதிரையைத்தான் நம்பினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம்பியதற்குக் காரணம் உண்டு. ரூட்டு தல ஒரு சத்தம் போட்டால் பஸ்ஸில் பாதிப் பேர் சீட்டை விட்டு எழுந்திருப்பார்கள். அதே சத்தத்தை மேடத்திடம் போட்டுப் பார்த்தான். அது லாயத்தின் மறுகோடிக்குப் போய், பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கெஞ்சினான், வரவில்லை. வாளியைக் காட்டியதும் வந்தது. கடிவாளத்தைக் கண்டதும் பல்லைக் கிட்டித்துக்கொண்டது. கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்பதைப் பழமொழியாக ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். நேரில் பார்த்தது அன்றுதான். அவன் கடைசியில் வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் சும்மா நின்றான். அது மெல்ல வந்து அவன் சட்டைப் பையை மோந்தது. கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்று கிரேக்கத்து செனஃபன் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். நல்ல வேளை, அவருக்கு ஸ்பீக்கர் இல்லை.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். குதிரையில் இடது பக்கமாகத்தான் ஏற வேண்டும். இடுப்பின் இடப்பக்கம் வாள் தொங்கிய காலத்துப் பழக்கம் அது. என் இடுப்பில் எல்லாப் பக்கமும் ஒன்று தொங்குவதால், ஏறும் பேச்சே எடுக்கவில்லை. நான் லத்தி வண்டி தள்ளுகிறேன். மேடம் அவ்வப்போது என் வழுக்கையை நக்கிப் பார்க்கிறது. வியர்வை உப்புக்காகவாம். நான் பாசம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

விருந்தாளியிடம் வருவோம். கழுகு ஒருவழியாகப் பறந்து முடிந்ததும், தான் கொடுத்த கொள்ளைத் தன் கையாலேயே வாளி நிறைய வைக்கப் போனார். ஆரஞ்சு முடிக்காரன் குறுக்கே வந்து வாளியைப் பிடுங்கிவிட்டான். "அவ்ளோ துன்னா வயித்து வலி வந்து செத்துரும் சார். அதால வாந்திகூட எடுக்க முடியாது." உண்மைதான். குதிரையின் உணவுக்குழாய் முடியும் இடத்தில் தசை அவ்வளவு இறுக்கம்; உள்ளே போனது வாய்வழியே திரும்பாது. இந்தப் பையன்களுக்காவது ஒரு காதில் வாங்கி மறு காதில் விடும் வசதி இருக்கிறது. வாளியைப் பிடுங்கியவனை அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, பெரியவர்களிடம் பணிவு வேண்டும் என்று ஆரம்பித்தார். மறுபடி மைக்கைத் தேடினார்.

அப்போதுதான் அவருக்கு ரசீது ஞாபகம் வந்தது. 80ஜி ரசீது வேண்டுமாம், வருமான வரிக்கு. இத்தனை நாள் குதிரைக்கும் பையன்களுக்கும் நடுவில் எதற்கும் உதவாமல் நின்ற எனக்கு, அந்த ஒரு கேள்வியில் உடம்பெல்லாம் புது ரத்தம் ஓடியது. பொருளாகக் கொடுத்த நன்கொடைக்கு அந்தச் சலுகை கிடையாது என்றேன். பணமாகக் கொடுத்திருந்தால் சரி என்றேன். அதிலும் ரொக்கமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது என்றேன். "அப்ப கொள்ளு?" என்றார். கொள்ளு பொருள் என்றேன். பிரிவு, உட்பிரிவு, பழைய வரி முறை, புதிய வரி முறை, புதியதில் இந்தக் கழிவே இல்லாதது என்று வரிசையாக இறங்கினேன். அவர் காரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "நான் அப்புறம் போன்ல கேட்டுக்கறேன் சார்" என்றார். உட்கார்ந்து கேளுங்கள், நின்றால் கால் வலிக்கும் என்று ரூட்டு தல ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டான்.