நவம்பர் தோழர்

கோலார் தங்கவயலில் சுரங்கக் கழிவு குவிந்த சைனைடு மேட்டுக்கு அடுத்தபடியாக யார் கண்ணுக்கும் தப்பாதவர் நவம்பர் தோழர். அவர் ஒரு ஆள் இல்லை, ஒரு வகை. 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் தாக்குதலில் ஆறு சுரங்கத் தொழிலாளர்கள் பலியானார்கள். அந்தத் தியாகிகளுக்கு மாலை போட வருஷத்துக்கு ஒருமுறை பெங்களூரிலிருந்து வந்து இறங்குவதால் அவருக்கு இந்தப் பெயர். ஊர்க்காரர்கள் விடியலில் மாரிக்குப்பம் ரயிலில் தொற்றிக்கொண்டு பெங்களூருக்குப் பிழைக்கப் போவார்கள். தோழர் எதிர்த் திசையில் காரில் வருவார். ஏ.சி.யை மட்டும் ஆண்டர்சன்பேட்டை எல்லையில் அணைத்துவிடுவார். மக்களோடு சேர்ந்து வியர்க்க வேண்டுமே!

அவருடைய அப்பா சாம்பியன் ரீப் சுரங்கத்தில் சாப்டு வழியே இறங்கியவர். மகன் லிப்டில் ஏறியவர், பெங்களூரில் 14-ஆவது மாடியில் குடியிருக்கிறார். "எங்கப்பா எவ்வளவு ஆழம் போனாரோ அவ்வளவு உயரம் நான் வந்துட்டேன்" என்று ஒருமுறை நெகிழ்ந்து சொன்னார். சாம்பியன் ரீப் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். கணக்குப்படி அவர் இன்னும் தொள்ளாயிரம் மாடியாவது ஏற வேண்டும்.

ஊரில் கால் வைத்ததும் முத்திரை குத்தும் வேலை தொடங்கும். டீக்கடைக்காரர் குட்டி பூர்ஷுவா. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியபோது கிடைத்த பணத்தில் ஆட்டோ வாங்கியவர் உற்பத்திச் சாதன உடைமையாளர். தவணையில் செல்போன் வாங்கிய பையன் நுகர்வு வெறிக்குப் பலியானவன். அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுகிறவர் அடையாள அரசியலில் வழுக்கி விழுந்தவர். கம்யூனிஸ்ட், ரிபப்ளிகன், அண்ணா தி.மு.க. என்று மூன்று வண்ணத்திலும் எம்.எல்.ஏ. அனுப்பிய தொகுதி இது. பாதாளத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு வர்க்கமும் சாதியும் ஒரே கூலிச் சீட்டில்தான் வந்தன. அந்தச் சீட்டைத் தோழர் பார்த்ததில்லை. அப்பா பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

தனக்கென்று அவர் வைத்திருக்கும் முத்திரை ஒன்றே ஒன்று: வர்க்கம் துறந்தவர். துறந்தது போக மீதி, ராபர்ட்சன்பேட்டையில் வாடகைக்கு விட்ட மூன்று வீடுகள். வருஷா வருஷம் வாடகை ஏறும். குடித்தனக்காரர் முனகினால், "நான் ஏத்தலப்பா, புறநிலைச் சூழல் ஏத்துது" என்பார். புறநிலைச் சூழல் ஒருமுறைகூட வாடகையை இறக்கியதில்லை.

மேடையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஜான் டெய்லர் சுரங்கக் கம்பெனி 1880-இல் வந்த கதையில் ஆரம்பிப்பார். துரைக்கு பங்களா, கிளப், கோல்ப் மைதானம். தொழிலாளிக்குத் தட்டி வைத்த லைன் வீடு. சொல்லும்போது கண் சிவக்கும், குரல் தழுதழுக்கும். அத்தனையும் சத்தியம். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் தோழரும் கோல்ப் ஆடுகிறார் என்று ஒரு வம்பன் கிளப்பிவிட்டான். தோழர் மறுக்கவில்லை. "எதிரி முகாமை உள்ளேயிருந்து ஆய்வு செய்யறேன்." ஆய்வு பல வருஷமாக நடக்கிறது. முடிவு இன்னும் வெளிவரவில்லை.

பணம் இருப்பது தப்பா என்று கேட்டால் அவரிடம் பட்டியல் தயார். எங்கெல்ஸ் மான்செஸ்டர் பஞ்சாலையில் பங்குதாரர். மோகன் குமாரமங்கலம் ஜமீன் வீட்டுப் பிள்ளை, ஈட்டன் பள்ளியில் படித்தவர். 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானபோது மத்தியில் உருக்கு, சுரங்கத் துறை அவர் கையில்தான் இருந்தது. பட்டியலில் பிழை இல்லை. ஆனால் எங்கெல்ஸ் ஆலைப் பணத்தில் மார்க்ஸ் குடும்பத்துக்கு அடுப்பெரிந்தது. குமாரமங்கலம் கம்யூனிஸ்ட் கட்சிக்காக ஜெயிலுக்குப் போனவர். கேரளத் தலைவர் இ.எம்.எஸ். குடும்பச் சொத்தில் தன் பங்கை விற்றுக் கட்சிக்குக் கொடுத்தார். வசதியான வக்கீல் சிங்காரவேலர் 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றினார். தோழர் இவர்களின் வரவுப் பக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்.

போன கூட்டத்தில், நெஞ்சில் சுரங்கத் தூசி படிந்து இருமிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "தோழரே, நான் இன்னா வர்க்கம்?"

"அசல் பாட்டாளி வர்க்கம், பெரியவரே!"

"அப்போ உன் வூட்டு அட்வான்ஸ கொஞ்சம் கொறச்சிக்கோயேன். எம்மவன் குடி வரணும்னு அலையறான்."

தோழர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் நன்றியுரைக்கு ஆள் கூப்பிட்டார்.

பெங்களூர் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவும் தங்கவயல்காரர்தான், அதே லைன் வீடுகளில் பிறந்தவர். "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று தோழர் எல்லோரிடமும் சொல்வார். அதனாலேயே சம்பளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. குடும்பத்துக்குள் கணக்கு பார்க்கலாமா? ஒருமுறை அந்த அம்மா மே 1-ஆம் தேதி லீவு கேட்டார். தோழர் அதிர்ந்துபோனார்.

"அன்னிக்கு எனக்கு மே தினக் கூட்டம் இருக்கும்மா. நீயும் வரலன்னா வீட்டை யார் பார்க்கறது?"

செல்வம் குற்றமில்லை, சிவப்பு யாருக்கும் பட்டா நிலமும் இல்லை. ஊரார் நெற்றியில் சீட்டு ஒட்டுகிறவர் தன் கைக்காசை எங்கே எடுக்கிறார் என்பதுதான் உரைகல். இப்படி ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார். அவர் என்ன வாதி என்று விசாரித்து நேரத்தை வீணாக்காதீர்கள். அவர் வீட்டு வேலைக்கார அம்மாவுக்கு மே தினம் லீவு உண்டா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.