மெல்செஸ்டரில் கண்டோர் கூற்று: ஒரு சிற்றாய்வு

கால்பந்தைக் காலால் ஆடுகிறார்கள் என்பது பொதுக் கருத்து. 'ராய் ஆஃப் தி ரோவர்ஸ்' சித்திரக்கதையை வாராவாரம் படித்து வளர்ந்த இங்கிலாந்துப் பிள்ளைகள் இதை ஒப்ப மாட்டார்கள். அவர்கள் அறிந்த கால்பந்து வாயால் ஆடப்படுவது. அதிலும் ஆடுகிறவர் வாயைவிடப் பார்க்கிறவர் வாய் பெரிது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் களம். மெல்செஸ்டர் ரோவர்ஸ் என்ற கற்பனை அணியின் ராய் ரேஸ், 1954 செப்டம்பரில் 'டைகர்' வார இதழில் அறிமுகமானார். கதை ஃபிராங்க் பெப்பர், படம் ஜோ கோல்குஹூன். 1976இல் அவர் பெயரிலேயே தனி வார இதழ் வந்தது. 1993 மார்ச்சில் நின்றது. இடையில் கொஞ்ச காலம் வால்ஃபோர்டு ரோவர்ஸுக்குப் போனதைத் தவிர, ஏறத்தாழ 39 ஆண்டும் மெல்செஸ்டருக்கே கோல் போட்டார். அவருடைய வயதைக் கேட்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது; நாகரிகமும் அன்று.

சான்றாக ஓர் இதழை எடுத்துக்கொள்வோம். மேல் மூலையில் கடைக்காரர் பென்சிலால் எழுதிய வீட்டு எண், பேப்பர் போடும் பையனுக்காக. மலிவுத் தாள், விரலில் ஒட்டும் மை. கட்டத்தின் பின்புறம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தலைகள். அந்தத் திரளிலிருந்து ஒரு பேச்சுக்குமிழ் எழுகிறது. அதன் வால் எந்தத் தலையில் போய் முடிகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. அந்தப் பெயரிலி பக்கத்து ஆளிடம் சொல்கிறார்: ராய் பந்தை வாங்கிவிட்டார், இரண்டு பேரைத் தாண்டிவிட்டார், இடது காலுக்கு மாற்றுகிறார், இனி ராக்கெட்தான். பக்கத்து ஆளும் காசு கொடுத்து உள்ளே வந்தவர்; அவருக்கும் கண் இரண்டு. அவர் கோபித்துக்கொள்வதில்லை. அடுத்த கட்டத்தில் அவரும் வாயைத் திறந்து, பந்து போகும் திசையைச் சொன்னவருக்கே திருப்பிச் சொல்கிறார்.

அகத்திணையில் இதற்குக் கண்டோர் கூற்று என்று பெயர். உடன்போக்கில் செல்லும் இருவரை வழியில் பார்த்தவர்கள் பேசுவார்கள். அவர்கள் யார், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. மெல்செஸ்டரிலும் அதே மரபு. ஆனால் தலைவனைப் பெயர் சுட்டக் கூடாது என்ற விதியை இக்கண்டோர் காற்றில் விட்டு, 'ரேசி' என்று செல்லப் பெயரிட்டே கத்துகிறார்கள். ஆகவே இது புறம், அதிலும் இரு படையும் நேருக்கு நேர் பொரும் தும்பை என்று யாராவது வாதிட்டால் மறுப்பதற்கில்லை.

தலைவன் கூற்றும் உண்டு. அந்தரத்தில் கிடைமட்டமாக மிதந்தபடி ராய் கோல்கீப்பர் நிற்கும் இடம், தடுப்பாட்டக்காரரின் தூரம், கோல்கீப்பரின் மனநிலை மூன்றையும் எண்ணிப் பார்ப்பார். நிதானமாகப் படித்தால் ஏழெட்டு விநாடி ஆகும். விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் அடித்த பந்து 18 மீட்டரைக் கடக்க ஒரு விநாடிகூட ஆகாது. இங்கேதான் இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு: பந்து பேச்சு முடியும்வரை காத்திருக்கிறது. கடைசிக் கட்டத்தில் அடித்த பந்து அடுத்த வாரம்தான் வலையில் விழும் என்றால், அதன் சராசரி வேகம் விநாடிக்கு 0.03 மில்லிமீட்டர். நத்தை அதை முந்திப்போய் கோல் கம்பத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம்.

காரணம் என்ன? பி.பி.சி. வானொலி 1927 ஜனவரியில் ஆர்சனல்–ஷெஃபீல்டு யுனைடெட் ஆட்டத்தை நேரடியாக வர்ணித்தது. 'மேட்ச் ஆஃப் தி டே' என்ற கால்பந்து நிகழ்ச்சி தொலைக்காட்சிக்கு வந்தது 1964இல்தான். ஆக, 1954இல் ராயைப் படித்த பையனுக்குக் கால்பந்து பெரும்பாலும் காதால் வந்த சரக்கு. ஆட்டம் என்றால் யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். படம் பேசாது, எனவே கூட்டத்தைப் பேச வைத்தார்கள். முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்தவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. அவரும் பிரிட்டிஷ் வார இதழிலிருந்து வந்தவரே. தனியாக இருக்கும்போதும் தான் மறைந்துவிட்டதைத் தனக்கே சொல்லிக்கொள்வார்.

எதிர்மறைச் சான்றும் உண்டு. ஆய்வுலகில் அதற்கு மதிப்பு அதிகம். 1981 டிசம்பரில் ராய் சுடப்பட்டார். மைதானத்தில் அல்ல, தம் அலுவலகத்தில். அங்கே கூட்டம் இல்லை. குமிழ் எழுப்ப ஒரு தலையும் இல்லை. விளைவு, சுட்டது யார் என்று வாசகர்கள் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ராய் நினைவிழந்து கிடக்க, நிஜ உலகத்துக் கால்பந்துப் பயிற்சியாளர் சர் ஆல்ஃப் ராம்சே கட்டத்துக்குள் வந்து அணியைப் பார்த்துக்கொண்டார். குற்றவாளி எல்டன் பிளேக் என்ற நடிகர் என்பது பிறகுதான் தெரிந்தது. அரங்கின் நடுவில் சுட்டிருந்தால் அடுத்த கட்டத்திலேயே ஒரு பெயரிலி, முகவரியோடு சொல்லியிருப்பார்.

1993லும் இதே கதை. கடைசி வார இதழில் ராய் ஓட்டிய ஹெலிகாப்டர் விழுந்தது. வேடிக்கை பார்க்க ஆளில்லை. ஆள் பிழைத்தாரா என்பதையும், ராக்கெட் அடித்த அந்த இடது பாதம் போனதையும் அறிய, பின்னால் வந்த மாத இதழை வாங்க வேண்டியிருந்தது.