பதின்மூன்றாவது ஐயர்

மன்னாரில் ஒருவனை விசாரிக்க நீதிமன்றம் திறக்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை. பேசாலைக் கரையில் ஒரு வலை அறுந்தால் போதும். அறுத்தவன் யார், அவனுடைய தகப்பன் அந்தக் காலத்தில் யாருடைய வலையை அறுத்தான் என்பதுவரை, கருவாடு காயுமுன் தீர்ப்பு வந்துவிடும். இந்தத் திறமை சம்பளமில்லாமல் வீணாகிறதே என்று கவலைப்பட்ட வெள்ளைக்காரர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன். அவரும் சம்பளம் கொடுக்கவில்லை, கதிரை போட்டுக் கொடுத்தார்.

மனிசன் ஸ்கொட்லாந்துக்காரர், ஆனால் சின்ன வயதில் மதுரையில் வளர்ந்து தமிழ் பழகியவர். மதுரையில் வளர்ந்தவர் காதில் கோவலன் கதை விழாமலா இருந்திருக்கும்? பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் தலையாட்டினான், ஆள் முடிந்தான். நீதிபதி தனியே இருந்து தீர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய முன்தீர்ப்பு வேண்டியதில்லை.

1811இல், பிரதம நீதியரசரான கையோடு, பிரித்தானியர் கையிலிருந்த கரையோர இலங்கைக்கு ஜூரி விசாரணையைக் கொண்டுவந்தார். எதிரியின் சொந்த ஊர்ச்சனம், அதுவும் அவனுடைய சாதிக்காரர், 13 பேர் உட்காருவார்கள். பெரும்பான்மை சொல்வது தீர்ப்பு. இங்கிலாந்தில் 12 பேர், எல்லாரும் ஒருமனப்பட வேண்டும். நம்மவர் 12 பேர் ஒருமனதாக ஒரு கோயில் திருவிழாவுக்கு நாள்கூடக் குறிக்கமாட்டார்கள் என்பது மதுரையில் வளர்ந்தவருக்குத் தெரியாதா? ஆனால் சொந்தச் சாதியில்தான் காணிச் சண்டையும், திருப்பித் தராத சீதனக் காசும் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லைப் போலும்.

வடக்கில் நடந்த ஒரு வழக்கை ஜோன்ஸ்டனே பிற்பாடு எழுதிவைத்தார். பெறாமகனைக் கொன்றதாக ஒரு ஐயர் மேல் குற்றம். ஜூரிகளும் ஐயர்மார். சாட்சியம் கச்சிதம், 12 பேருக்கும் சந்தேகமே இல்லை. பூசைக்கு நேரமாகிறது என்று அவர்கள் சால்வையை உதறி எழுந்திருப்பார்கள் என்பது என் கற்பனை. எழுந்தவர் 13ஆவது ஆள், மன்னாருக்கு நேரெதிரே ராமேஸ்வரத்திலிருந்து வந்த இளைஞர் என்பது ஜோன்ஸ்டன் எழுதியது. சாட்சியைத் தானே கேள்வி கேட்க வேண்டும் என்றார். கேட்டார். கதை பிரிந்தது, எதிரி தப்பினார்.

இதில் பெரிய வேடிக்கை, பெரும்பான்மைத் தீர்ப்பு என்ற ஏற்பாட்டில் இந்த ஒருவரை யாரும் மதித்திருக்கவே வேண்டியதில்லை. 12க்கு 1 என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அக்கரை ஆள் வாயைத் திறந்தால் இக்கரையில் கொஞ்சம் கூடுதலாகக் காது கொடுப்பது அன்றைக்கே இருந்திருக்க வேண்டும்.

சாதி ஜூரி பிறகு ஒழிந்தது. 13 பேர் 7 ஆனார்கள். குறைந்தது 5 பேர் ஒரு பக்கம் நிற்க வேண்டும். கொலை போன்ற பாரிய குற்றங்களுக்கு மேல் நீதிமன்றத்தில் ஜூரியா, தனி நீதிபதியா என்று இன்றும் எதிரியே தெரிவு செய்யலாம். எந்த மொழி பேசும் ஜூரி என்பதும் அவர் விருப்பம். 2006இல் கொழும்பில் சுடப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜின் வழக்கில் எதிரிகள் சிங்கள ஜூரியைக் கேட்டார்கள். 2016 டிசம்பரில், நடுச்சாமம் தாண்டி, எல்லாரும் விடுதலை. அங்கே ராமேஸ்வரத்தார் யாரும் இல்லை.

இந்தத் தெரிவை எதிரியிடம் கேட்டே ஆகவேண்டும் என்பதும் சட்டம். நீதிபதி கேட்க மறந்தால்? சட்டமா அதிபர் எதிர் செகுலெப்பை லத்தீப் வழக்கில் உயர் நீதிமன்றம் 2008இல் சொன்னது: விசாரணையே செல்லாது. சாட்சிகள் கூண்டேறி, சட்டத்தரணிகள் தொண்டை வறளக் கத்தி, தண்டனையும் விதித்து முடிந்த வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பி வரலாம். வந்ததும், தலை நரைத்த எதிரியைப் பார்த்து நீதிமன்றம் முதலில் கேட்க வேண்டியது: “உமக்கு ஜூரி வேண்டுமா?”