காலி வாளியின் எடை

ஆரணித் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எடை போடத் தெரியாது என்று யாராவது சொல்லியிருந்தால் என் அப்பா சண்டைக்குப் போயிருப்பார். இப்போது அவரே அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கூட்டத்துக்கு நான் மட்டம் போட்ட ஒரு நாளில் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டுவிட்டார்கள். மிஞ்சிப்போகும் சாப்பாட்டைக் குறைக்க வேண்டுமாம். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கையைத் தேடிப் படித்தேன். 2022இல் மட்டும் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் ஓட்டல், கேன்டீன் வகையறாவின் கணக்கு 29 கோடி டன். அத்தனையையும் ஒரே செமஸ்டரில் ஒழித்துவிடுவது என்று கிளம்பினேன்.

முதலில் போர்டு. ‘உணவை வீணாக்காதீர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, கை கழுவும் குழாய்க்கு மேலே மாட்டினேன். மிச்சத்தைக் கொட்டிவிட்டு வருகிறவன்தான் அங்கே நிற்பான் என்பது எனக்கு உறைக்க மூன்று நாள் ஆயிற்று.

அடுத்தது உரக்குழி. சோறும் சாம்பாருமாகக் கொட்டினேன். நடுநடுவே காய்ந்த சருகு போடாவிட்டால் காற்றுப் புகாமல் அழுகி நாறும். பக்கத்திலேயே வேப்பஞ்சருகைக் கூட்டிக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அதையும் வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நான்காம் நாள் பரீட்சை ஹாலில் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார்கள். நாய்களிடம் மட்டும் என் மரியாதை கூடியது.

பிறகுதான் தராசு வந்தது. ராத்திரி மிச்சத்தை நான்கு வாளியில் அள்ளி எடை போட்டுக் குறித்தேன். இரண்டாம் வாரம் தினமும் 6 கிலோ குறைந்தது! முதல்வரிடம் சொன்னேன். டீ வந்தது, பாராட்டும் வந்தது.

வீட்டில் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே கேட்டார்: “வாளிய கழிச்சியாடா?”

கழிக்கவில்லை. முதல் வாரம் எவர்சில்வர் வாளி, ஒன்று இரண்டே கால் கிலோ. சாம்பாருக்கு வேண்டும் என்று சமையல்கார அக்கா அவற்றை எடுத்துக்கொண்டதால் இரண்டாம் வாரம் முக்கால் கிலோ பிளாஸ்டிக் வாளி. நான் குறைத்த 6 கிலோவும் வாளிதான். சோறு ஒரு பருக்கை குறையவில்லை.

அப்பாவின் தொழிலில் பாவும் ஊடையும் நிறுத்துத்தான் தருவார்கள், சேலையையும் நிறுத்துத்தான் வாங்குவார்கள். அறுந்த நூலுக்கும் கணக்கு உண்டு. சாயத்துக்கு முன் பட்டு நூலைக் காய்ச்சினால் பசை போய்க் கிட்டத்தட்ட கால் பங்கு எடை குறையும். அதுவும் கணக்கில் வரும். தார்க்குச்சியைக் கழிக்கத் தெரிந்த குடும்பத்தில் வாளியைக் கழிக்கத் தெரியாமல் நான் பிறந்திருக்கிறேன்.

மறுபடி ஆரம்பித்தேன். அக்கா சொன்னபடி தட்டு மிச்சம் ஒரு வாளி, குண்டான் மிச்சம் ஒரு வாளி என்று பிரித்தோம். வெள்ளிக்கிழமை ராத்திரி குண்டான் வாளி வழிந்தது. ஏன் என்று அக்காவிடம் கேட்டேன்.

“சார், செய்யாறு, போளூர், வந்தவாசிப் பசங்க சாயங்காலமே பஸ் ஏறிடுறாங்க. நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுக்கிற தலைக்கணக்குக்குத்தான் நான் உலை வைக்கிறேன்.”

பையன்களைத் திருத்த போர்டு எழுதியவன், வாராவாரம் ஊரில் இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் சோறு வடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது வியாழக்கிழமையே யார் யார் ஊருக்குப் போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை குண்டான் வாளி பாதிக்கு மேல் நிறைவதில்லை. போர்டும் சோறு போடும் இடத்துக்கு வந்துவிட்டது.

உங்கள் ஊர் மெஸ்ஸில் யாராவது இந்த வேலையைத் தொடங்கினால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: முதலில் காலி வாளியை நிறுத்துக்கொள்ளட்டும்.