ஐந்திணை ஊர்தி: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து வாகனத் தேர்வு குறித்து ஓர் ஒப்பாய்வு

அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கொட்டேஷன்களோடு வந்து நின்றான். ஒன்று அட்வெஞ்சர் பைக். பனிமலைக்கு முன்னால் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு எதையோ உணர்ந்துகொண்டிருக்கும் படம் போட்டிருந்தது. விலை மூன்று லட்சத்துக்கு மேல். மற்றது டிவிஎஸ் எக்ஸெல் 100. முதலாவது அவன் ஆசை. இரண்டாவது அவன் அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் வாங்கிவந்த தாள். அதை மட்டும் நாலாக மடித்திருந்தான்.

"மாமா, ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க. ஆனா எனக்கு ஆல் டெரெய்ன் வண்டிதான் வேணும்."

அவன் கேட்டது நியாயம்தான். வீடு அயப்பாக்கம். வேலை பூந்தமல்லி கரையான்சாவடிப் பக்கம். பெண் எடுத்த இடம் ஆவடி. இந்த முக்கோணத்துக்குள் வாழ்கிற ஒருவனுக்கு எந்த ஊர்தி பொருந்தும் என்று இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் முனைவர் பட்டம் கொடுத்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முதலில் கலைச்சொல் தகராறு. 'அனைத்து நிலப்பரப்பு ஊர்தி' என்று அகராதிக்காரர்கள் எழுதுவார்கள். சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நிற்கிற வேன்காரர் ஹாரன் அடித்துவிடுவார். இந்த இனத்துக்குத் தாத்தா, 1970-ல் ஹோண்டா கம்பெனி அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய மூன்று சக்கர வண்டி. பலூன் மாதிரி உப்பிய டயர். அதில் காற்று மிகக் குறைவு. நாலு சக்கர வகை 1980களில் வந்தது. ஈசிஆர் பக்கம் மணலில் பத்து நிமிஷத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஓட்டவிடுகிறார்களே, அதுதான். அதை நம் சாலையில் ஓட்ட முடியாது, பதிவெண் கிடைக்காது. அதாவது எல்லா நிலத்திலும் ஓடும், சாலை நீங்கலாக. சாலை வேறு, நிலம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் நாட்டில் பிறந்த வண்டி அது. நம் வட்டாரத்துக்கு அந்தப் பாகுபாடு பொருந்தாது.

நிலத்தை எப்படி வகுப்பது என்று நமக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. தொல்காப்பியர் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே இக்கட்டுரை முழுக்க ஆல் டெரெய்ன் என்பதற்கு 'ஐந்திணை' என்றே ஆளப்படும்.

குறிஞ்சி, மலையும் மலை சார்ந்த இடமும். நம் வட்டாரத்தில் மலை என்பது வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை. அதற்குரிய ஒழுக்கம் புணர்தல் என்று நூல் சொல்கிறது. திடீரென்று பிரேக் பிடித்த ஷேர் ஆட்டோவின் பின்புறத்தோடு நம் முன்சக்கரம் கொள்ளும் உறவு அதுவே. மருதத்துக்கு உரியது ஊடல். ஏரிக்கரைச் சேற்றில் வெள்ளைச் சட்டையோடு போய்வந்தவனுக்கு இதை விளக்க வேண்டாம், துணி துவைப்பவர் விளக்குவார்.

முல்லைதான் இங்கே மிக வளமான திணை. கால்நடைகளின் நிலம் அது. ஆவடி என்ற பெயர் ராணுவத் தளவாடக் கிடங்கின் ஆங்கில முதலெழுத்துகளிலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. அது கட்டுக்கதை, ஊர்ப் பெயர் பழசு. ஆ, அடி, நடுவில் வகர உடம்படுமெய். பசுவின் காலடி என்பது என் துணிபு. இதற்குக் கல்வெட்டுச் சான்று தேவையில்லை. மாலை ஆறு மணிக்குச் சாலை நடுவில் போய்ப் பார்த்தால் போதும். முல்லையின் சிறுபொழுதும் மாலை என்பதைக் கவனிக்க. அதற்குரிய ஒழுக்கம் இருத்தல், அதாவது காத்திருத்தல். மாடு எழுந்திருக்கும்வரை காத்திருக்கிறோம். ரயில்வே கேட் திறக்கும்வரை காத்திருக்கிறோம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு இந்த வழியாகத்தான் போனது. அப்போது தொடங்கிய இருத்தல், இன்னும் எழுந்தபாடில்லை.

பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று விளக்கியவர் இளங்கோவடிகள். அவர் காலத்தில் பாதாளச் சாக்கடைத் திட்டம் கிடையாது. அப்படியிருந்தும் எப்படிச் சொன்னார் என்பது வியப்பு. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தானே ஒரு மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. இடையிடையே ஊராட்சிகள். காலையில் கிளம்பி வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் பல அரசுகளின் எல்லையைத் தாண்டுகிறான் என் மருமகன். ஓர் அரசு தார் போடும். அது ஆறிய மறுவாரம் இன்னொரு துறை குழாய் பதிக்கத் தோண்டும். இயல்பு கெட்டுவிட்டது, பாலை. ஒழுக்கம் பிரிதல். வண்டியிலிருந்து சைலன்சர் கிளாம்ப் பிரியும், மட்கார்டு பிரியும், எனக்கு ஒருமுறை செருப்பின் அடி பிரிந்தது.

நெய்தலைப் பிறகு பார்ப்போம். அது ஐப்பசியில் வரும்.

முந்தைய ஆய்வுகளைச் சுட்டாமல் மேலே போவது முறையாகாது. இந்த வட்டாரத்தில் ஐந்திணை ஊர்தி ஒன்று நிலத்தோடு மோதித் தோற்ற முதல் நிகழ்ச்சி திருமுல்லைவாயிலில் நடந்தது. குறும்பர்களோடு போரிடப் போன தொண்டைமானின் யானை அங்கே முல்லைக்கொடியில் கால் சிக்கி நின்றுவிட்டது என்கிறது தலபுராணம். யானையைவிடக் கனமான, உயரமான, வலுவான ஊர்தி அன்று இல்லை. சிக்கவைத்தது பாறையா, ஆறா? ஒரு பூங்கொடி. மன்னன் கொடியை வாளால் வெட்ட, அது கீழேயிருந்த லிங்கத்தில் பட்டு ரத்தம் வந்தது. மாசிலாமணீஸ்வரர் திருமேனியில் அதனால்தான் இன்றும் ஆண்டு முழுக்கச் சந்தனக்காப்பு. சித்திரை சதயத்தை ஒட்டி மட்டும் களைவார்கள். ஆன்மிகத்தைத் தனியே வைத்துவிட்டு வாகனவியல் கண்கொண்டு பார்த்தால், பெரிய வண்டிக்குச் சின்னத் தடை போதும் என்பதே இதன் சாரம். இரண்டாவது கவனிக்கத்தக்க செய்தி: சிக்கிய யானையை யாரும் தள்ளிப் பார்க்கவில்லை. தள்ளவும் முடியாது.

யானையோடு நிறுத்துவானேன் என்று மருமகன் கேட்டான். "ஆவடியில டேங்க் ஃபேக்டரியே இருக்கே மாமா, அதைவிட ஆல் டெரெய்ன் உண்டா?" நல்ல மாணவன். 1965 கடைசியில் விஜயந்தா பீரங்கி வண்டியை வெளியே அனுப்பியது ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. பிறகு டி-72 வகையான அஜேயா. அதற்கப்புறம் இதே ஆவடியில் வடிவமைத்த அர்ஜுன். அர்ஜுனின் முதல் வடிவம் 58.5 டன், 1400 குதிரைத்திறன். இவ்வளவு கனத்துக்கு மண்ணில் புதைந்துபோக வேண்டுமே? புதையாது. இரண்டு பக்கமும் அகலமான சங்கிலித் தடம் கனத்தைப் பரப்பிவிடுவதால், ஒரு சதுர சென்டிமீட்டர் மண்ணை அது சுமார் 0.85 கிலோ அளவில்தான் அழுத்துகிறது.

இனி பஞ்சர் கடைக்கு வருவோம். மொபெட்டின் பின் டயரில் முப்பது பவுண்டு காற்று வைத்தால், டயர் தரையைத் தொடும் இடத்தில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ. தரையின் மீதான அழுத்தம் ஏறக்குறைய டயரின் காற்றழுத்தமே என்பது எளிய கணக்கு. ஆக, ஐம்பத்தெட்டரை டன் பீரங்கி வண்டியைவிட அக்காள் வாங்கச் சொன்ன எக்ஸெல் நிலத்தை இரண்டு மடங்குக்கு மேல் அழுத்துகிறது. மருமகன் வெற்றிப் புன்னகையோடு எக்ஸெல் தாளை எட்டாக மடித்தான். அட்வெஞ்சர் பைக்கின் டயருக்கும் இதே கணக்குதான் என்பதை அவன் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. இரு சக்கரத்தில் எது வாங்கினாலும் சேற்றில் புதையும். அப்படியானால் கேள்வி, புதையுமா என்பதல்ல. புதைந்தபின் என்ன செய்வது?

இங்கேதான் நெய்தல் தேவைப்படுகிறது. கடலும் கடல் சார்ந்த இடமும் என்பார்கள். அயப்பாக்கத்திலிருந்து கடல் வெகுதூரம். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் அதுவே வீடு தேடி வந்துவிடும். ஒழுக்கம் இரங்கல்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அதற்கு மறுநாள் காலை கள ஆய்வுக்கு வாய்ப்புக் கிடைத்தது. பால் வாங்கப் போனேன் என்றும் சொல்லலாம். தெருமுனையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல். ஒரு இளைஞர் அட்வெஞ்சர் பைக்கில் வந்தார். நல்ல உயரமான வண்டி, தரைக்கும் இன்ஜினுக்கும் இருநூறு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி, சுமார் 200 கிலோ எடை. வண்டியிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. கப்பல் மாதிரி வந்தது. தண்ணீருக்கடியில் யாரோ தோண்டி மூடாமல் விட்ட பள்ளம் இருந்தது. அது எந்தக் கம்பெனியின் கையேட்டிலும் இல்லை. முன்சக்கரம் இறங்கியது, வண்டி மெதுவாக, மிக மரியாதையாக இடப்பக்கம் சாய்ந்தது. அவர் காலை ஊன்றிப் பார்த்தார். அந்த உயர சீட்டிலிருந்து தரைக்கே கால் அரைகுறைதான் எட்டும். பள்ளத்துக்கு எங்கே எட்டும்? தூக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. நான் ஆறாவது ஆள், குடை பிடித்தேன்.

அதே நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடும் அண்ணன் எக்ஸெல்லில் வந்தார். கால் வைக்கும் இடத்தில் ஒரு கேன், இரண்டு பக்கக் கொக்கியிலும் ஒவ்வொன்று, பின்சீட்டைக் கழற்றிய இடத்தில் ஒன்று. நாலு இருபது எண்பது கிலோ. வண்டி எடையும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஸ்பார்க் பிளக் மேல் பால் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். சைலன்சர் வாயில் ஒரு முழம் பழைய டியூபைச் செருகி, மேல்நோக்கித் திருப்பிக் கேரியரில் கட்டியிருந்தார். டி-72 வண்டி ஆற்றைக் கடக்கும்போது மூக்குக்குழாய் மாட்டிக்கொண்டு ஐந்து மீட்டர் ஆழத்தில்கூடப் போகும். அந்தத் தொழில்நுட்பம் ஆவடியிலிருந்து அயப்பாக்கத்துக்கு எப்போது கசிந்தது என்பது தனி ஆய்வுக்குரியது. தண்ணீர் ஃபுட்போர்டைத் தொடப்போகும் சமயத்தில் அவர் செய்த காரியம்தான் இக்கட்டுரையின் மையம். இன்ஜினை அணைத்தார். இறங்கினார். தள்ளினார். காலால் துழாவிப் பள்ளத்தைக் கண்டுபிடித்து ஒதுங்கி நடந்தார். கரையேறியதும் பால் கவரைப் பிரித்தார், ஒரு உதை, இரண்டு உதை, கிளம்பிவிட்டது.

"ஏன் அண்ணே, ஓடிக்கிட்டிருந்த வண்டியை நீங்களே நிறுத்திட்டீங்க?" என்று பேட்டி கண்டேன்.

"தானா நின்னா மெக்கானிக் வேணும் சார். நாம நிறுத்தினா நாமளே எடுத்துக்கலாம்."

ஓடும் இன்ஜினில் காற்றோடு தண்ணீரும் உள்ளே போனால், காற்றைப்போல் அதை பிஸ்டனால் நசுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும். நிறுத்தித் தள்ளிய வண்டிக்கு அந்த ஆபத்து இல்லை. அண்ணன் இதை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இந்தத் தரவிலிருந்து 'தள்ளுதிறன்' என்ற புதிய அளவுகோலை முன்வைக்கிறேன். வண்டியின் எடையை, அந்த நேரத்தில் அருகிலுள்ள டீக்கடையில் நிற்பவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஈவு ஒருவருக்கு நாற்பது கிலோவுக்குள் வந்தால் அது ஐந்திணை ஊர்தி. 200 கிலோவுக்கு ஐந்து பேர். எக்ஸெல்லுக்கு இரண்டுக்குச் சற்று மேல், அதாவது அண்ணனும் ஒரு வழிப்போக்கரும், அவசரத்துக்கு என் குடையும். புயல் நாளில் டீக்கடை மூடியிருக்கும். அப்போது பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம்.

இந்த அளவுகோலை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் எக்ஸெல்லும் தோற்றுவிடும் என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்கிறேன். அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கிய கம்பெனி. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ என்று அங்கிருந்து வந்த சைக்கிள்களைத் தோளில் போட்டுக்கொண்டே தண்ணீரைத் தாண்டலாம். அதற்கும் அப்பால் போனால் வெறுங்கால். நிற்கிற மனிதன் தரையை அழுத்துவது அர்ஜுனைவிடக் குறைவு. ஆனால் கால்நடையாக வேலைக்குப் போ என்று மருமகனிடம் சொல்லும் உரிமை எனக்கில்லை. சீர் செய்ய வேண்டிய மாமன் நான்.

எக்ஸெல்லின் குலம் கோத்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். 1980-ல் ஓசூரில் டிவிஎஸ் 50 வந்தது, இருவர் உட்காரும் மொபெட்டாக. அதை விட்டவர்கள் பாடி சுந்தரம் கிளேட்டன்காரர்கள். பாடி நம் வட்டாரத்தின் கிழக்கு வாசல். அதன் பேரன் எக்ஸெல் 100, 2015-ல் நாலு ஸ்ட்ரோக் இன்ஜினோடு வந்தது. சுமார் நாலரைக் குதிரைத்திறன். அர்ஜுனுக்கு முன்னூறில் ஒரு பங்கு. கியர் கிடையாது, கிளட்ச் பிடிக்க வேண்டாம், விளம்பரத்தில் பனிமலை கிடையாது.

தீர்ப்பு: ஏலகிரிக்கும் லடாக்கிற்கும் அட்வெஞ்சர் பைக். அயப்பாக்கத்துக்கு எக்ஸெல். இதை மருமகனிடம் அச்சுக்கோத்ததுபோல் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான், "சூப்பர் மாமா" என்றான், மறுநாள் போய் மூன்று லட்சத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தான். ஞாயிறுகளில் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்துகிறான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

மழை நாட்களில் கேன் அண்ணனிடம் எக்ஸெல்லை இரவல் கேட்டு வாங்கிப் போகிறான். அவனுக்கும், இக்கட்டுரையைப் படித்துவிட்டு வரக்கூடிய மற்ற ஆய்வாளர்களுக்கும் அண்ணன் சொல்லச் சொன்னது: காலை ஒன்பது மணிக்கு முன் வராதீர்கள், லைன் முடிந்திருக்காது, திருப்பித் தரும்போது பெட்ரோல் போட்டுத் தாருங்கள், பால் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.