சித்தப்பாவும் பெறாமகளும் நீடூழி வாழ்க

வேலிச் சண்டையில் யாழ்ப்பாணத்தாரை மிஞ்ச ஆளில்லை என்று இவ்வளவு காலமும் ஒரு தலைக்கனத்தோடு இருந்தேன். உரும்பிராய்ச் செம்மண்ணில் ஒரு சாண் நிலத்துக்காக இரவோடிரவாகக் கதியாலை நகர்த்திவிட்டு, விடிந்ததும் அப்புக்காத்து வீட்டுப் படலையில் நின்றவர்களின் வழி வந்தவன் நான். அந்தத் தலைக்கனத்தை என் தங்கையின் மகன் உடைத்துவிட்டான். அவன் கம்பியூட்டரில் விளையாடுகிறவன். புதிதாக ஒரு கிராபிக்ஸ் காட் வாங்கப் போகிறவனும்கூட. மூன்று வருஷமாக வாங்கப் போகிறான்.

"ஏன் தம்பி, இன்னும் வாங்கேல்லையோ?" என்று கேட்டால், "கொஞ்சம் பொறுங்கோ மாமா, அடுத்தது வரப்போகுது" என்பான்.

வரப்போவதை வைத்தே ஒரு தலைமுறைக்குப் பொறுமை கற்பித்த இரண்டு பெருமக்கள் இருக்கிறார்கள். ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்ந்தாரே, அதே தூய மனத்தோடு நானும் அவர்களை நாலு வார்த்தை புகழ ஆசைப்படுகிறேன்.

ஒருவர் கிராபிக்ஸ் காட்டுக்குச் சிப் படைக்கிற என்விடியாவை நடத்தும் ஜென்சன் ஹுவாங். மற்றவர் அதன் போட்டிக் கொம்பனியான ஏ.எம்.டி.யை நடத்தும் லிசா சூ. இருவருமே தாய்வானில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர்கள். லிசாவின் அம்மப்பா, ஜென்சனின் தாயாருக்குக் கூடப்பிறந்த அண்ணன். எங்கள் ஊர்க் கணக்கில் லிசாவின் தாய்க்கு ஜென்சன் மச்சான். ஆகவே லிசாவுக்கு அவர் சித்தப்பா முறை, அவருக்கு இவர் பெறாமகள். உலகமே வாய் பிளந்து பார்க்கும் சிப் போட்டி ஒரே வளவுக்குள் நடக்கிற எல்லைப் பிரச்சினைதான் என்று தெரிந்தபோது, எனக்கு அவர்கள் மீது ஒரு சொந்தபந்தப் பாசமே வந்துவிட்டது.

அதிலும் ஒரு நாகரிகம் பாருங்கள். சித்தப்பாவின் ஆர்.ரி.எக்ஸ். 50 வரிசைச் சிப்பும் பெறாமகளின் ரேடியன் ஆர்.எக்ஸ். 9000 வரிசைச் சிப்பும் தாய்வானின் ரி.எஸ்.எம்.சி. என்ற ஒரே கொம்பனியின் ஆலைகளில்தான் உருவாகின்றன. வழக்காளிக்கும் எதிராளிக்கும் ஒரே அப்புக்காத்து. யார் வென்றாலும் அவருடைய கூலி குறையாது. இவ்வளவு ஒற்றுமையான பகையை எங்கள் ஊர் கண்டதில்லை.

இனி அவர்களுடைய முன்னறிவிக்கும் ஆற்றல். 2009இல் ஜென்சன் மேடையேறி, 'ஃபெர்மி' என்ற புதிய காட்டைத் தூக்கிக் காட்டினார். கூர்ந்து பார்த்தவர்கள் அதில் மரத்துக்குப் பூட்டுகிற திருகாணிகளைக் கண்டார்கள். கையில் இருந்தது வெறும் மாதிரி. மெய்யான காட் 2010 மார்ச்சில்தான் வந்தது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே ஒரு மரப்பாச்சியைத் தூக்கிக்கொண்டு போய், "இவன்தான் என்ரை மகன்" என்று ஊருக்குக் காட்டுகிற தகப்பனின் பாசத்தை என்னவென்று சொல்வது!

ஏ.எம்.டி.யின் பாசம் இன்னும் விசாலமானது. 2017 ஜனவரியில் தன் 'வேகா' காட்டுக்காக ஒரு விளம்பரப் படம் விட்டது. அதற்குள், என்விடியாவின் அடுத்த சிப்பான வோல்டாவைப் 'பாவம்' என்று சொல்லும் ஒரு குறிப்பைச் சூட்சுமமாக ஒட்டி வைத்திருந்தது. அப்போது வேகாவும் பிறக்கவில்லை, வோல்டாவும் பிறக்கவில்லை. விளையாட்டுக்கான வேகா கடைக்கு வர ஓகஸ்ட் ஆயிற்று. தன் பிள்ளை பிறக்க முன்னமே எதிர்வீட்டுப் பிறவாத பிள்ளைக்கு இரக்கப்பட எத்தனை பேருக்கு மனம் வரும்?

2025 ஜனவரி 6ஆம் திகதி லாஸ் வேகாசில் இரண்டு கொம்பனிகளுக்கும் மேடை கிடைத்தது. எல்லாரும் எதிர்பார்த்திருந்த புதிய ரேடியனைப் பற்றி ஏ.எம்.டி. தன் மேடையில் வாயே திறக்கவில்லை. பந்தியில் முதல் ஆளாகக் குந்தாத பண்பு அது. அந்தக் காட்டின் பெட்டிகள் அந்த மாதமே சில கடைகளின் பின்னறைக்கு வந்து சேர்ந்தும், திறக்க உத்தரவில்லாமல் மார்ச் வரைக்கும் தவம் கிடந்தன. சித்தப்பாவின் 5070 மார்ச் 5இல் வந்தது. பெறாமகளின் 9070 மார்ச் 6இல் வந்தது. இரண்டுக்கும் அறிவித்த விலை 549 டொலர். ஒரு நாள் முன்பின், ஒரு டொலர்கூட வித்தியாசமில்லை. போட்டி என்றால் விலை இறங்கும் என்று சந்தைக்கு மரவள்ளியும் வெங்காயமும் கொண்டுபோகிற எங்கள் கமக்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பொருளாதாரம் தெரியாது.

சித்தப்பாவின் அந்த 549 டொலர்க் காட், 1,599 டொலருக்கு விற்ற முந்தைய வரிசையின் 4090இன் வேகத்தைத் தரும் என்று ஜென்சன் மேடையில் சொன்னார். அது எப்படி என்று மருமகன் எனக்கு விளங்கப்படுத்தினான். காட் ஒரு படத்தை மெய்யாக வரையும். பிறகு செயற்கை நுண்ணறிவு அதைப் பார்த்து மூன்று படங்களை ஊகித்துச் சேர்க்கும். எண்ணுகிறபோது நாலையும் சேர்த்து எண்ண வேண்டும். எனக்கு உடனே எங்கள் பழைய பால்காரர் ஞாபகம் வந்தார். ஒரு போத்தல் பாலில் மூன்று போத்தல் தண்ணீர் விட்டு நாலு போத்தல் என்று அளந்த அந்த மேதையை, காலமறியாத எங்கள் ஊர் சந்தியில் மறித்து ஏசியது. கறுப்புத் தோல் ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு கலிபோர்னியாவில் பிறந்திருந்தால் கைதட்டு வாங்கியிருப்பார்.

பெயர் வைப்பதிலும் இவர்கள் தாராளம். 2022 செப்டெம்பரில் என்விடியா 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு காட்டுகளை அறிவித்தது. ஒன்றில் 16 ஜிபி நினைவகம், மற்றதில் 12 ஜிபி. நினைவகம் மட்டுமல்ல, உள்ளே இருந்த சிப்பும் வேறு. ஆட்கள் முணுமுணுத்ததும், அடுத்த மாதமே 12 ஜிபிக் காட்டை விற்பனைக்கு வர முன்னமே வாபஸ் வாங்கினார்கள். அது 2023 ஜனவரியில் 4070 ரி.ஐ. என்ற புதுப் பெயரோடும், 899 டொலருக்குப் பதில் 799 டொலர் விலையோடும் திரும்பி வந்தது. பெயரை மாற்றினால் கிரகதோஷம் நீங்கும் என்று எங்கள் சாத்திரியார் சொல்வதை ஊர்ப் பெடியள் நக்கலடிப்பார்கள். இனியாவது அவரை மதிக்கட்டும்.

வெப்பத்திலும் போட்டி உண்டு. 2022 ஒக்டோபரில் 4090இன் மின்செருகி உருகுகிறது என்ற சேதி பரவியது. செருகியை முழுதாகத் தள்ளிப் பூட்டாததுதான் காரணம் என்று என்விடியா வாங்கினவர்களுக்கு இலவசமாகவே பாடம் நடத்தியது. எங்களுடைய காட்டுக்குப் பழைய செருகியே போதும் என்று நவம்பரில் ஏ.எம்.டி. நிமிர்ந்து நின்றது. டிசம்பரில் வந்த அதன் 7900 எக்ஸ்.ரி.எக்ஸ்.இல் ஒரு தொகுதி 110 பாகை வரை சூடேறியது. குளிர்விக்கிற ஆவியறைக்குள் விட்ட தண்ணீர் போதவில்லை என்று கொம்பனியே சொன்னது. தண்ணீர் ஏறாத மோட்டர் சூடாகும் என்பது கிணற்றுக் கட்டில் நின்று தோட்டத்துக்கு இறைக்கிற எந்த உரும்பிராயானுக்கும் தெரியும். ஆனால் அதை இவ்வளவு செலவழித்து நிரூபித்துக் காட்ட ஒரு பெரிய கொம்பனி வேண்டியிருந்தது.

சித்தப்பாவின் முடிசூடிய பிள்ளை 5090. அறிவித்த விலை 1,999 டொலர்; ஒரு டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால், ஆறு இலட்சத்துக்கு வெறும் 300 ரூபாதான் குறைவு. வற் வரியும் கப்பல் கூலியும் கடைக்காரரின் இலாபமும் பிறகு. அது உறிஞ்சுகிற மின்சாரம் 575 வாற்று. ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் முழு மூச்சாக விளையாடினால் மாதம் முப்பத்தினாலரை அலகு. வீட்டு மின்கட்டணப் பட்டியலில் முதற்படியான 30 அலகை அந்த ஒரு காட்டே விழுங்கி ஏப்பம் விடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் குந்தியிருந்த நாட்டுக்கு, மின்சாரத்தைச் செலவழிக்க இப்படியொரு வழி காட்டியதற்கு நன்றி சொல்ல வேண்டாமா?

இடையில் மூன்றாவதாக இன்ரெல் ஒரு மூலையில் கொட்டில் போட்டு, 2024 டிசம்பரில் 12 ஜிபிக் காட் ஒன்றை 249 டொலருக்கு விற்க வந்தது. 2025 செப்டெம்பரில் என்விடியா இன்ரெல்லில் 5 பில்லியன் டொலர் முதலிடுவதாக அறிவித்தது. பக்கத்து வளவுக்காரன் ஏழைப்பட்டால் கை கொடுக்கும் பெருந்தன்மை இது.

எங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ரேடியன் பிறந்தது ஏ.ரி.ஐ. என்ற கனடாக் கொம்பனியில். 1985இல் தொடங்கி மார்க்கத்தில் வளர்ந்த அந்தக் கொம்பனியை 2006இல் 5.4 பில்லியன் டொலருக்கு ஏ.எம்.டி. வாங்கியது. வன்னி என்ற பெயரிலேயே ஒரு வீதி இருக்கிற நகரம் மார்க்கம். உரும்பிராயின் பாதிச் சொந்தம் அந்தப் பக்கம்தான். அங்கிருந்து வரும் கலியாண ஓடர்களுக்காகவே எங்கள் பக்கம் ஒரு சின்ன ஸ்ரூடியோ ஓடுகிறது. மருமகனுக்கு வேலையும் அங்கேதான். தாலி கட்டு, அட்சதை, டிரோனில் எடுத்த கோயில் கோபுரம் எல்லாம் அங்கே வெட்டி ஒட்டப்பட்டு, வெள்ளிக்கிழமை மார்க்கத்துக்குப் போகும்.

அந்த வேலையைச் செய்வது 2016இல் வெளிவந்த ஜி.ரி.எக்ஸ். 1060. புதிய விளையாட்டுகளுக்கான அதன் மென்பொருள் ஆதரவை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. ஒன்பது வருஷம் உழைத்தவருக்கு ஓய்வு கொடுக்கும் கருணை என்று அதையும் புகழ இருந்தேன். ஆனால் போன கிழமை நான் ஸ்ரூடியோவுக்குப் போனபோது, மருமகன் அந்தக் காட்டைக் கழற்றி மேசையில் வைத்து, பழைய பசையைச் சுரண்டிப் புதுப் பசை பூசிக்கொண்டிருந்தான். விசிறியின் அச்சுக்கு இரண்டு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய் விட்டான். கொல்லன் பட்டறையில் கிடப்பதாக ஔவையார் தொண்டைமானிடம் சொன்ன அதியமானின் வேல் எனக்கு நினைவுக்கு வந்தது. நுனி முறிந்த வேல்தான். ஆனால் போருக்குப் போய் வந்தது.

"அடுத்தது எப்ப வருதாம் தம்பி?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை மாமா. இதை நாளைக்குப் பூட்டிப்போடுவன்" என்றான்.

வெள்ளிக்கிழமை கலியாணம் மார்க்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.